எந்த முள்ளில் வைத்தாலும் ஒரே பெட்டை கதைக்கிறாள்

படுவான்கரையான் | சனி, இரவு 8.12

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால எங்களுக்கு மூன்று ஏக்கர் வட்டை இருக்கிறது. வெள்ளாமை கதிருக்கு வந்துவிட்டதால் அப்பாவுக்கு இரவுப் படுக்கை வாடியில்தான். பன்றிக்கும் யானைக்கும் காவல். கையில் இரண்டு டோர்ச் பெட்டரி போடுகிற சின்ன றேடியோ ஒன்று. அன்டனா எப்பவோ முறிந்துபோய், அந்த இடத்தில் ஒரு சைக்கிள் கம்பியைக் கட்டி வைத்திருக்கிறார்.

நேற்று விடியக்காலை கோல் எடுத்து, "றேடியோ பழுதாப் போச்சு மகன், வேற ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்றார். என்ன பழுது என்று கேட்டேன். "முள்ள எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பெட்டைதான் கதைக்கிறாள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வீட்டில் நானே இரண்டு றேடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. நமது பக்கத்து அலைவரிசையிலும் அம்பாறைப் பக்கம் இருந்து வருகிற அலைவரிசையிலும் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரே பாட்டு, ஒரே குரல். ஒன்று மற்றதற்கு ஒள்ளம் பின்னால் வருகிறது, கிணற்றுக்குள் கத்தினால் திரும்பி வருமே, அப்படி.

நமது பக்கத்தில் விடிய 6.15க்கு மரண அறிவித்தல் போகும். அதற்குப் பிறகு நெல் விலை, மீன் விலை. இப்போது அந்த நேரத்தில் யாரோ ஒரு தங்கச்சி கொழும்பில் இருந்து "ஹாய் மக்களே" என்கிறாள். இது இரண்டு நாள் கூத்தா, இல்லை இனி இப்படித்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வேன்காரன்_கல்முனை | சனி, இரவு 8.31

ஓம், வெள்ளிக்கிழமையிலிருந்துதான். நான் கல்முனை–மட்டக்களப்பு ஓடுகிறவன். என்னுடையது ஜப்பான் வண்டி, செற்றில் இலக்கம் 90க்கு மேல் போகாது. எக்ஸ்பாண்டர் போட்டிருக்கிறேன், 103 என்றால் 83இல் வரும். அந்தக் கணக்கு மனதில் இல்லாவிட்டால் றேடியோ கேட்க முடியாது.

முன்பு கோட்டைக்கல்லாறு தாண்டினால் ஒன்று இரையத் தொடங்கும், மற்றதைப் பிடிப்பேன். பாட்டு மாறும், பின்னால் இருக்கிற சனம் "நல்ல பாட்டு ஒன்று போனது" என்று புறுபுறுக்கும். இப்போது மாற்றினாலும் அதே பாட்டு தொடர்கிறது. ஒருவருக்கும் தெரிவதில்லை. எனக்கென்றால் இது நல்லம்தான், குறை சொல்ல வரவில்லை.

டவரடி | சனி, இரவு 9.20

படுவான்கரைத் தம்பி, றேடியோவில் பழுது ஒன்றும் இல்லை, அப்பாவிடம் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் இதற்கு அஞ்சல் என்று பெயர். ஓரிடத்தில் தயாராகிற நிகழ்ச்சியை இன்னோர் இடத்துக் கோபுரமும் அந்த நேரத்திலேயே விடுவது. வானொலி எவ்வளவு பழசோ ஏறக்குறைய இதுவும் அவ்வளவு பழசு.

எதற்கு இரண்டு அலைவரிசை என்று கேட்பீர்கள். எப்.எம். அலை கண்பார்வை மாதிரி, பூமியின் வளைவுக்கு அங்கால இறங்காது. ஒரு கைக்கணக்கு இருக்கிறது: கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து வர்க்கமூலம் பாருங்கள், வாங்குகிற அன்டனாவின் உயரத்துக்கும் அப்படியே, இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வரும். 100 மீற்றர்க் கோபுரம், ஆளின் நெஞ்சளவு உயரத்தில் றேடியோ என்றால் சுமார் 46 கிலோமீற்றர். மட்டக்களப்பில் நட்ட கோபுரம் கல்முனைக்குக் காணும். பொத்துவில் தொண்ணூறு கிலோமீற்றருக்கு மேல், அங்கே போய்ச் சேராது. அதனால் தெற்கே இன்னொன்று வேண்டும்.

இரண்டையும் ஒரே இலக்கத்தில் போட்டால் என்ன? போடலாம், ஆனால் இரண்டு அலையும் சம பலத்தில் சந்திக்கிற இடத்தில் றேடியோ இதையா அதையா என்று தடுமாறி, குரல் நொறுங்கும். எப்.எம். றேடியோ எப்போதும் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும், பலம் சமமானால்தான் அதற்குப் பிரச்சினை. கோபுரங்களை நுண்செக்கன் கணக்கில் இசைவாக்கினால் சமாளிக்கலாம், அது செலவு. அடுத்த இலக்கம் வாங்குவது மலிவு.

அந்தக் கிணற்றுச் சத்தம்: ஒரு கோபுரத்துக்கு நேர் இணைப்பிலும் மற்றதற்குச் செய்மதி வழியாகவும் போகிறது என்று நினைக்கிறேன். செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் செக்கன் போய்விடும். குரலை டிஜிற்றலில் சுருக்கி விரிக்க இன்னும் கொஞ்சம்.

வெள்ளவத்தை_மச்சான் | சனி, இரவு 10.05

இதற்கெல்லாம் ஒரு இழையா? உள்ளூர் நிலையத்தில் என்ன கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதே இருபது பாட்டு, நகைக்கடை விளம்பரம், நகைக்கடைக்காரரின் பேட்டி, மறுகா நகைக்கடை விளம்பரம். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது நான் கேட்ட ஒரு மணித்தியாலத்தில் அறிவிப்பாளர் தன் சிநேகிதன் ஏழு பேருக்கு வாழ்த்துச் சொன்னார். கொழும்பில் இருந்து வருவது தரமாக இருக்கிறது. தரமானதைக் கேட்பதில் என்ன கஷ்டம்?

அக்கரைப்பற்று_காக்கா | ஞாயிறு, காலை 6.48

வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒரு சின்னக் கணக்கு.

கொழும்பு கிழக்கு நெடுங்கோடு 79.86 பாகையில் இருக்கிறது. அக்கரைப்பற்று 81.85. இரண்டு பாகை வித்தியாசம். ஒரு பாகைக்குச் சூரியனுக்கு 4 நிமிடம். ஆகவே எங்களுக்கு இங்கே சூரியன் கொழும்பை விட 8 நிமிடம் முந்தி விழும், முந்தி எழும்பும். மட்டக்களப்புக்கு 7 நிமிடம்.

இப்போது நோன்பு மாதத்தை எடுங்கள். நான் பெயர் சொல்லாத ஓர் அலைவரிசை சில வருடத்துக்கு முதல் இப்படித்தான் திடீரென்று முழுநேர அஞ்சலுக்குப் போனது. நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு, சூரியன் விழுந்ததும் வருகிற தொழுகை அழைப்பு, கொழும்பு நேரத்துக்கு வந்தது. பெரியம்மாவுக்கு அப்போது எண்பது கிட்ட, கண் தெரியாது, பள்ளியின் லவுட்ஸ்பீக்கர் அவர் வீட்டுக்குச் சரியாகக் கேட்காது, றேடியோவைத்தான் நம்பியிருந்தார். முதல் நாள் கஞ்சியும் பேரீச்சம்பழமும் முன்னால் வைத்துக்கொண்டு 8 நிமிடம் சும்மா இருந்திருக்கிறார். அது போகட்டும், பிந்தித் திறந்தால் நோன்பு முறியாது. ஆனால் விடிய முதல் சாப்பிடுகிற ஸஹர்? விடியல் தொழுகையான சுபஹ் எங்களுக்கு முந்தி வருகிறது. கொழும்புப் பாங்கு கேட்கும்வரை சாப்பிட்டால், இங்கே நேரம் முடிந்து 8 நிமிடம் ஆகியிருக்கும். மூன்று நாள் அப்படிச் சாப்பிட்டிருக்கிறார். விஷயம் தெரிந்தபோது அந்த மனிசி அழுத அழுகை.

அந்த மூன்று நோன்பையும் பிறகு களா செய்தார், ஈடாகத் திரும்பப் பிடித்தார். தரமான ஒலிபரப்புத்தான், குரலும் நல்ல குரல்.

எங்கள் பக்கத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிறை எப்.எம். அட்டாளைச்சேனையில் இருந்து வந்தபோது சனம் ஏன் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சூரியன் எங்கே விழுகிறதோ அங்கே இருந்து கதைக்கிறவன் வேண்டும்.

வெள்ளவத்தை_மச்சான் | ஞாயிறு, காலை 9.15

காக்கா, அது நான் யோசிக்காத ஒன்று. சரி. ஆனால் அதற்குப் போனில் நேரம் காட்டுகிற ஆப் இருக்கிறதே?

அக்கரைப்பற்று_காக்கா | ஞாயிறு, காலை 9.22

கண் தெரியாது என்று எழுதியிருக்கிறேன் தம்பி.

பழைய_மைக் | ஞாயிறு, பிற்பகல் 2.40

நான் இந்தப் பக்கத்தில் ஓர் உள்ளூர் நிலையத்தில் ஆறு வருடம் பகுதிநேர அறிவிப்பாளனாக இருந்தவன். எந்த நிலையம் என்று கேட்க வேண்டாம், இன்னும் அங்கே எனக்குச் சிநேகிதர் இருக்கிறார்கள்.

முதலில் அவர்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோவாட் ட்ரான்ஸ்மிட்டர், அந்த அறைக்கு ஏசி, எல்லாம் சேர்ந்து இரண்டரைக் கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். நாளைக்கு 60 யுனிட். யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 60 யுனிட். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது அது அத்தனையும் டீசலில் ஓடியது, டீசலுக்கு வரிசையில் நின்றது நாங்கள். வருமானம்? கல்முனைப் புடவைக்கடைகளும் நகைக்கடைகளும்தான் எங்கள் உயிர். அவர்கள் எல்லோரும் இப்போது கடைக்குள்ளேயே ஒரு பெட்டையை நிறுத்திப் பேஸ்புக் லைவ் போடுகிறார்கள். சேலையைக் காட்டலாம், விலையைச் சொல்லலாம், அந்த இடத்திலேயே ஓடரும் வரும். றேடியோவில் சேலையின் நிறத்தை நான் எப்படிக் காட்டுவது? ஆகவே முதலாளி அஞ்சலுக்குப் போனால் நான் அவரைத் திட்டமாட்டேன். ஆறு ஆள் சம்பளம் மிச்சம்.

ஆனால் மரண அறிவித்தல் என்பது வேறு சங்கதி. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத விடுங்கள்.

விடிய ஐந்தரைக்கே வாசலில் ஆள் நிற்கும். கொப்பி ஒற்றையில் எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதியவர் அழுதுகொண்டு எழுதியிருப்பார், மை கரைந்திருக்கும். பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் என்று தொடங்கி, காலஞ்சென்றவர்களின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், பேரப்பிள்ளைகள் வரைக்கும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் பத்து வருடத்துக்குச் சண்டை. அதனால் நான் ஒவ்வொரு பெயரையும் கொண்டுவந்தவர் முன்னாலேயே ஒருமுறை வாசித்துக் காட்டுவேன். முஸ்லிம் ஆட்களின் ஜனாஸா அறிவித்தல் சின்னது. பெயர், இடம், "அஸர் தொழுகைக்குப் பின்" என்று நேரம், அவ்வளவுதான். ஆனால் அதில் அவசரம் கூட. விடிய வபாத், பின்னேரம் அடக்கம். நடுவில் இருக்கிற அந்த எட்டு மணித்தியாலத்துக்குள் வாகரையில் இருக்கிற தம்பிக்கும் பொத்துவிலில் இருக்கிற மருமகனுக்கும் தகவல் போக வேண்டும். கொழும்புக்கு அனுப்பி, அவர்கள் வரிசையில் போட்டு, அடுத்த நாள் வாசித்தால் யாருக்கு?

இன்னொன்று, ஊர்ப் பெயர். கொழும்பில் இருந்து வந்த ஒரு பிள்ளை ஒருமுறை எங்கள் ஒந்தாச்சிமடத்தை "ஒன்றாச்சு மடம்" என்று வாசித்தது. மகிழடித்தீவு "மகிழ்ச்சித்தீவு" ஆனது. கல்யாண வாழ்த்து என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சாவு வீட்டில் றேடியோவைச் சுற்றி இருபது பேர் குந்தியிருந்து கேட்கிறார்கள், அங்கே ஊர்ப் பெயர் பிழைத்தால் அது செத்தவரை இன்னொருமுறை தொலைத்த மாதிரி.

வெள்ளவத்தைத் தம்பி, ஏழு பேருக்கு வாழ்த்துச் சொன்னது நானாக இருக்கலாம். மன்னிக்கவும்.

வெள்ளவத்தை_மச்சான் | ஞாயிறு, பிற்பகல் 3.02

அண்ணன், அதில் ஒருவர் எனக்கு மச்சான் முறை. உங்களைத்தான் கேட்டிருக்கிறேன் போல.

லண்டன்_மட்டுநகரான் | ஞாயிறு, மாலை 5.50

இங்கேயும் இதே கதைதான், பெரிய அளவில். உள்ளூர் வணிக நிலையங்கள் வாரநாளில் பகலில் 7 மணித்தியாலம் அந்தப் பகுதி நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்று இருந்ததை 2018 கடைசியில் ஒழுங்குமுறை நிறுவனமான ஒஃப்கொம் 3 மணித்தியாலமாகக் குறைத்தது. அடுத்த வருடமே, 2019 ஏப்ரலில் கெப்பிட்டல் என்கிற வானொலியும் யூனில் ஹார்ட் என்கிற வானொலியும் காலை நிகழ்ச்சியை லண்டனில் இருந்து நாடு முழுவதற்கும் ஒன்றாக்கின. 2020 செப்ரெம்பரில் பௌவர் என்கிற நிறுவனம் ஏறக்குறைய 50 சின்ன நிலையங்களின் பெயரை ஒரே நாளில் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் றேடியோ குடும்பத்துக்குள் மாற்றியது. அதில் சில முப்பது நாற்பது வருடப் பெயர்கள்.

விளம்பரம் இன்னும் ஊருக்கு ஊர் வேறு. அறிவிப்பாளர் லண்டனில், கார்க்கடை உங்கள் தெருவில்.

பழைய_செற் | ஞாயிறு, இரவு 7.30

எனக்கு அறுபதுக்கு மேல். 1978 நவம்பர் 23, சூறாவளி. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, வீடு புளியந்தீவில். அந்தக் காலத்தில் எப்.எம். ஏது, மத்திய அலையில் கொழும்பு கேட்பதுதான். அப்பா பெட்டரியை வெயிலில் காயவைத்து வைத்திருந்தார். ஒள்ளம் உயிர் வரும் என்று எல்லா வீட்டிலும் செய்வோம். காற்று ஏறிக்கொண்டு வர, அப்பா செற்றைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தது நினைவிருக்கிறது. மறுகா கூரை போனது, செற்றும் போனது. கிழக்கில் ஆயிரம் பேருக்குக் கிட்ட அந்த இரவில் போய்ச் சேர்ந்தார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரு குரல் என்பது எங்களுக்குப் புதிதில்லை. 1925இல் கொழும்பில் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். பிராந்திய சேவை என்பதே பிறகு வந்தது. 1979இல் அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை, 1989இல் கொத்மலைச் சமூக வானொலி. கொத்மலையில் ஒரு காலத்தில் சனம் கேள்வியை அனுப்ப, அறிவிப்பாளர்கள் இன்ரநெற்றில் தேடிப்பார்த்து றேடியோவில் பதில் சொன்னார்கள், ஊரில் ஒருவரிடமும் கொம்பியூட்டர் இல்லாத காலத்தில். எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒன்று வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வந்ததை இவ்வளவு சுளுவாக விட்டுக்கொடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வாகரை_காற்று | ஞாயிறு, இரவு 8.10

கடும் வெயில் காலத்து இரவுகளில் எங்களுக்குக் காரைக்கால் 100.3 தெளிவாக வரும், உள்ளூர் நிலையத்தை விடத் தெளிவாக. கடலுக்கு மேல் சூட்டுக் காற்றுப் படை ஒன்று குழாய் மாதிரி அலையைக் கொண்டுவருகிறதாம். ஆகவே எங்களுக்கு உள்ளூர் நிலையம் காரைக்கால்தான்.

நிந்தவூர்_பிள்ளை | ஞாயிறு, இரவு 9.44

2024 நவம்பர் 26ஐப் பற்றி யாரும் எழுதவில்லையே. மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போன நாள்.

அன்று எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. போனில் 9 வீதம். என் தம்பி அம்பாறை றோட்டால் வர வேண்டியவன். றோட்டு திறந்திருக்கிறதா, பூட்டிவிட்டார்களா என்று தெரியாது. கட்டிலுக்கு மேல் ஏறி இருந்துகொண்டு வாப்பாவின் பழைய றேடியோவைப் போட்டேன். எங்கள் பகுதிக்கென்று இருக்கிற ஓர் அலைவரிசையில் காதலர்களுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வெளியே மழை, உள்ளே இதமான பாட்டு" என்றார் அறிவிப்பாளர். கட்டில் காலைத் தண்ணீர் தட்டுகிற சத்தம் ஒரு பக்கம்.

கடைசியில் தகவல் வந்தது பக்கத்து வீட்டு மாமாவின் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாக. யார் பேசினது என்று இன்று வரை தெரியாது. தம்பி சம்மாந்துறையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தான்.

அந்த அறிவிப்பாளரில் எனக்குக் கோபம் இல்லை. அவர் முந்தின நாளே பதிந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

கனடா_குருமண்வெளி | திங்கள், காலை 7.05

நிந்தவூர்ப் பிள்ளை எழுதினதை வாசிக்க அமெரிக்காவில் மைனொட் என்கிற ஊர் நினைவுக்கு வந்தது. 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி அமோனியா ஏற்றிய ரயில் தடம்புரண்டது. ஊருக்கு மேல் நச்சுப் புகை, ஒருவர் இறந்தார். அந்த ஊரின் ஆறு வணிக வானொலியும் ஒரே நிறுவனத்தினது. பொலிஸ் கோல் எடுத்தால் எடுக்க ஆள் இல்லை, இயந்திரம் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

அதே நாட்டில் 1964இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: ஒரு லட்சத்துக்கு மேல் சனம் உள்ள நகரங்களில் மத்திய அலை நிலையத்தின் நிகழ்ச்சியை எப்.எம். நிலையம் பாதி நேரத்துக்கு மேல் அஞ்சல் செய்யக் கூடாது. முதலாளிமார் கத்தினார்கள். ஆனால் எப்.எம்.மில் போட வேறு ஏதாவது வேண்டுமே என்று இளம் பெடியங்களிடம் நேரத்தைக் கொடுத்தார்கள், அவர்கள் நீண்ட ரொக் பாட்டுகளைப் போட, எப்.எம். பிரபலமானதே அப்படித்தான். அந்த விதியை 1986இல் எடுத்தார்கள்.

டவரடி | திங்கள், காலை 8.30

மைனொட் கதையில் ஒரு திருத்தம். அங்கே அவசர எச்சரிக்கைக் கருவி ஒன்று இருந்தது. பொலிஸ் பக்கத்தில் அதைச் சரியாகப் பொருத்திப் பழகியிருக்கவில்லை. நிறுவனமும் அதைத்தான் சொன்னது. ஆகவே ஆள் இல்லாதது பாதிக் காரணம்தான். எங்கள் பக்கத்தில் அஞ்சலைத் திட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ஆள் இருந்திருந்தாலும், அந்த ஆளுக்கு மாவட்டச் செயலகத்தில் இருந்து யார் சொல்வது?

வந்தாறுமூலை_சட்டம் | திங்கள், முற்பகல் 11.12

ஒரு சின்ன விபரம். இங்கே தனியார் ஒலிபரப்பு அனுமதிப்பத்திரம் இன்னும் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது, கொடுப்பவர் அமைச்சர். தனியாக ஓர் ஒலிபரப்பு அதிகாரசபை அமைக்க 1997இல் வந்த சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்து நிறுத்தியது, அது சுதந்திரமான சபையாக இருக்காது என்பதால். ஆகவே லண்டன் அண்ணன் சொல்கிற 7, 3 மணித்தியாலக் கணக்கை இங்கே கொண்டுவருவதென்றால் முதலில் கேட்பதற்கு ஒரு கதவு வேண்டும்.

படுவான்கரையான் | திங்கள், இரவு 8.55

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். 8 நிமிடக் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, "அப்ப காகம் கரையிறதும் அங்க பிந்தித்தானே" என்றார்.

டவரடி அண்ணனிடம் ஒரு கேள்வி. முழுவதும் கொழும்பு என்று இல்லாமல், விடிய ஒரு பத்து நிமிடம் மட்டும் நமது பக்கத்துக்கென்று வெட்டிக் கொடுக்க முடியாதா? தொழில்நுட்பத்தில் இடம் இருக்கிறதா?

டவரடி | திங்கள், இரவு 9.40

தாராளமாக. கோபுரத்தடியில் ஒரு கொம்பியூட்டர் இருந்தால் போதும். கொழும்பில் இருந்து வருகிற ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறி வரும். அந்தக் குறி வந்ததும் கொம்பியூட்டர் அஞ்சலை நிறுத்தித் தன்னிடம் இருக்கிறதைப் போடும். முடிந்ததும் திரும்ப அஞ்சலுக்குப் போகும். ஊருக்கு ஊர் வேறு விளம்பரம் போகிறது என்று லண்டன்காரர் எழுதினாரே, அது இப்படித்தான். உங்கள் இரண்டு அலைவரிசையிலும் அது பொருத்தியிருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு செற்றைப் பக்கத்தில் வைத்து விளம்பர நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.

படுவான்கரையான் | புதன், காலை 7.10

இரண்டு நாளாக அப்பாவுக்கு இதுதான் வேலை. நான் புது றேடியோ ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன், பழையதை எறியவும் விடவில்லை. வாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஒன்றில் நமது பக்கம், மற்றதில் அம்பாறைப் பக்கம். முழு இரவும் ஒரே பாட்டு இரண்டு தரம் கேட்கிறது. பன்றி வராததற்கு இதுவும் காரணம் என்கிறார்.

இன்று விடிய 6.25க்குக் கோல். "மகன், பிரிஞ்சிற்று!" என்றார். விளங்கவில்லை. விளம்பர நேரத்தில் ஒன்றில் கல்முனைப் புடவைக்கடை, மற்றதில் நமது ரவுணில் உள்ள ஓட்டுக்கடை. முப்பது செக்கனோ நாற்பது செக்கனோ. மறுகா திரும்ப ஒரே பெட்டை. 6.55க்கு நான் இங்கே இரண்டு செற்றையும் வைத்துக் கேட்டேன், அதே மாதிரிப் பிரிந்து சேர்ந்தது.

பழைய_மைக் | புதன், காலை 7.31

அப்படியென்றால் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி பொருத்தியிருக்கிறது! செலவு என்று அவர்கள் சொல்ல முடியாது தம்பி. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஓர் ஆள் வந்து வாசித்துப் பதிந்துவிட்டுப் போனால் சரி. அறிவித்தலுக்கு வாங்குகிற காசே அந்த ஆளின் சம்பளத்துக்குக் காணும், எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். சம்பளம் இல்லாமல் செய் என்றாலும் ஒரு மாதத்துக்கு நான் வருவேன்.

அக்கரைப்பற்று_காக்கா | புதன், காலை 7.40

பாங்கையும் சேர்த்துக் கேளுங்கள். அது ஐந்து நிமிடம்கூட இல்லை.

நிந்தவூர்_பிள்ளை | புதன், காலை 8.02

வெள்ள நேரத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிக் கேளுங்கள். ஒரு போன் இலக்கம், எடுக்கிற ஓர் ஆள்.

படுவான்கரையான் | புதன், இரவு 8.20

இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். நிலையத்துக்கு ஒன்று, மாவட்டச் செயலகங்கள் இரண்டுக்கும் பிரதி. கேட்டிருப்பது மூன்றுதான்: விடிய 6.15க்குப் பத்து நிமிடம், இங்குள்ள நேரத்துக்குப் பாங்கு, அவசரத்துக்கு ஓர் இலக்கம். அப்பா தன் கையெழுத்தை முதலாவதாகப் போட்டிருக்கிறார், "புடவைக்கடைக்கு வழி விடுகிறவன் சாவு வீட்டுக்கு விட ஏலாதோ" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்திருக்கிறேன். வேன்காரன் அண்ணன் கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். வேறு எந்தெந்த ஊரில் இருந்து போடுகிறீர்கள்?

வேன்காரன்_கல்முனை | புதன், இரவு 8.26

ஓம், வாங்குகிறேன். ஆனால் அந்தப் பத்து நிமிடம் வண்டியில் பாட்டு மாறினால் சனத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய_மைக் | புதன், இரவு 8.41

ஒந்தாச்சிமடம். அனுப்ப முதல் எனக்கு ஒருமுறை காட்டுங்கள், ஊர்ப் பெயர்களைப் பார்த்துத் தருகிறேன்.